பின்வீடும் தனி அடுப்பும்

ஒரு வீட்டின் கொல்லையில் கட்டப்படும் இன்னொரு சிறிய வீட்டுக்கு ஆங்கிலம் பேசும் நாடுகள் வைத்திருக்கும் பெயர்களைத் தொகுத்தால் அதுவே ஒரு சிறிய சமூக வரலாறாகிவிடும். ஆஸ்திரேலியர்கள் அதைக் 'கிரானி ஃப்ளாட்' என்கிறார்கள், அதாவது பாட்டி வீடு. கனடாவின் வான்கூவரில் அது பின்சந்தைப் பார்த்து நிற்பதால் 'லேன்வே ஹவுஸ்'. அமெரிக்காவில் 'இன்-லா யூனிட்', மாமியார் வீடு. 'ஹேப்பி டேஸ்' என்ற பழைய தொலைக்காட்சித் தொடரில் ஃபான்ஸி என்ற இளைஞன் ஒரு குடும்பத்தின் கராஜுக்கு மேலே குடியிருந்தான். அவன் பெயரால் 'ஃபான்ஸி ஃப்ளாட்' என்றும் வழங்குவதுண்டு. சட்டம் வைத்த பெயர் 'ஆக்சஸரி டிவெல்லிங் யூனிட்', சுருக்கமாக ஏடியு. துணைக் குடியிருப்பு என்று தமிழில் சொல்லலாம்.

தமிழில் மாமியார் வீடு என்பது சிறைச்சாலைக்கு இடக்கரடக்கலாக வழங்கும் சொல். நம் ஊரில் பங்களாவின் வளாகத்துக்குள் தோட்டக்காரருக்கோ ஓட்டுநருக்கோ தூரத்து உறவினருக்கோ விட்டிருக்கும் சிறிய வீட்டை 'அவுட்ஹவுஸ்' என்போம். அமெரிக்கர் காதில் அச்சொல் விழுந்தால் தோட்டத்து மூலையில் இருக்கும் கழிப்பறையையே எண்ணிக்கொள்வார். ஆகவே இக்கட்டுரையில் பின்வீடு என்றே எழுதுகிறோம். பின்கட்டு என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே இருப்பதால் காதுக்கு அன்னியமாக ஒலிக்காது.

பெயர்களைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் உண்டு. பாட்டி, மாமியார், ஃபான்ஸி என்று மக்கள் வைத்த பெயர்களில் பெரும்பாலானவை அங்கு குடியிருப்பவரைச் சொல்கின்றன. சட்டப்பெயர் குடியிருப்பவரைச் சொல்லவில்லை. முன்வீட்டுக்கு அது துணை என்பதை மட்டும் சொல்கிறது. இன்று கலிஃபோர்னியாவில் பின்வீடு கட்டத் திட்டமிடுவோரின் பேச்சைக் கேட்டால் சட்டப்பெயரின் மனநிலையே அதில் ஓங்கியிருப்பது தெரியும். எத்தனை சதுர அடி, என்ன செலவு, எவ்வளவு வாடகை வரும், விற்கும்போது விலை எவ்வளவு ஏறும் என்பவை முதலில் வருகின்றன. யார் அங்கு இருக்கப் போகிறார் என்பது கடைசியில் வருகிறது. சில சமயம் வருவதேயில்லை. இந்த வரிசை தலைகீழானது என்பதும், முதற்கட்டத் திட்டமிடலிலேயே இதைச் சரிசெய்யாவிட்டால் பிறகு சரிசெய்ய முடியாது என்பதும் எங்கள் கருத்து.

*

முதலில் சட்டத்தின் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நகரங்களில் கொல்லைக் குடில்களும் கராஜ் மாடி வீடுகளும் சாதாரணமாக இருந்தன. ஒரு மனையில் ஒரு குடும்பத்துக்கான ஒரு வீடு மட்டுமே இருக்கலாம் என்ற வகை நகர விதி 1916இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில் பிறந்தது. 1926இல் ஒஹையோவின் யூக்லிட் என்ற புறநகர் தொடர்பான வழக்கில், இப்படி நிலத்தை வகைபிரிக்கும் அதிகாரத்தை அமெரிக்க உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. தனிவீடுகளுக்கு நடுவே எழும் அடுக்குமாடிக் கட்டடத்தை அத்தீர்ப்பு ஒட்டுண்ணிக்கு ஒப்பிட்டது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு விரிந்த புறநகர்கள் யாவும் இந்த விதியின்மேல் எழுந்தவை. தனிவீடு வாங்க வசதியற்றவர்களையும், வசதி இருந்தும் தோல் நிறத்தால் விரும்பப்படாதவர்களையும் வெளியே நிறுத்த இவ்விதி எவ்வளவு பயன்பட்டது என்பது இன்று விரிவாகவே எழுதப்பட்டுவிட்டது.

இந்தக் கதவைத் திறக்க நெடுங்காலம் பிடித்தது. கலிஃபோர்னியா 1982இலேயே பின்வீடுகளுக்கு ஒரு சட்டம் இயற்றியது. ஆனால் நகரங்கள் பெரிய மனை, கூடுதல் கார் நிறுத்தம், பொது விசாரணை என்று தடைகளை அடுக்கிக்கொண்டே போயின. அண்டை வீட்டார் விசாரணைக்கு வந்து எதிர்ப்புச் சொன்னால் போதும், திட்டம் முடங்கிவிடும். 2003 ஜூலையிலிருந்து விசாரணையின்றி விதிகளின்படி மட்டுமே அனுமதி தர வேண்டும் என்றானது. 2017இலும் 2020இலும் நடப்புக்கு வந்த சட்டங்கள்தாம் உண்மையான உடைப்பைச் செய்தன. முழு விண்ணப்பம் கைக்கு வந்த 60 நாட்களுக்குள் நகரம் முடிவு சொல்லியாக வேண்டும். பக்கவாட்டு எல்லையிலும் பின் எல்லையிலும் 4 அடி இடைவெளி விட்டால் போதும். 800 சதுர அடி வரையிலான, 16 அடி உயரத்துக்கு மேற்படாத பின்வீட்டை மனையின் பரப்பைக் காட்டி மறுக்க முடியாது. 750 சதுர அடிக்குக் குறைவானதற்கு நகரத்தின் வளர்ச்சிக் கட்டணம் கிடையாது. பொதுப் போக்குவரத்து நிறுத்தம் அரை மைல் நடைதூரத்தில் இருந்தால் கார் நிறுத்தம் கேட்கக்கூடாது. உரிமையாளர் அந்த மனையில்தான் வசிக்க வேண்டும் என்ற நிபந்தனை 2020இல் தற்காலிகமாக விலக்கப்பட்டு, 2023இன் சட்டத்தால் நிரந்தரமாகவே நீங்கியது. அதே 2023இல், நகரம் ஒப்பினால் பின்வீட்டைத் தனியே விற்கவும் வழி பிறந்தது. தயார்நிலை வரைபடங்களுக்கு முன்கூட்டியே ஒப்புதல் தரும் ஏற்பாட்டை ஒவ்வொரு நகரமும் 2025 ஜனவரிக்குள் செய்ய வேண்டும் என்றும் ஒரு சட்டம் வந்தது.

இவற்றை நாங்கள் முழுமனதோடு வரவேற்கிறோம். வீட்டுப் பற்றாக்குறையால் ஆசிரியர்களும் செவிலியர்களும் தாம் வேலை செய்யும் ஊரிலிருந்து இரண்டு மணிநேரப் பயணத் தொலைவில் வாழ நேர்ந்திருக்கும் மாநிலம் இது. அண்டை வீட்டாரின் முகச்சுளிப்பு ஒருவருடைய கூரையைத் தீர்மானிக்கக்கூடாது.

ஆனால் இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். சட்டம் ஒவ்வொரு தடையை நீக்கும்போதும் கட்டுபவரிடம் கேட்கப்பட்டுவந்த ஒரு கேள்வியும் கூடவே நீங்கிவிடுகிறது. பழைய கேள்விகளில் பல தீய நோக்கத்தோடு கேட்கப்பட்டவை, நீங்கியது நல்லதே. சில கேள்விகளோ யாராவது கேட்டே ஆக வேண்டியவை. நகரம் கேட்காவிட்டால் கட்டுபவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

*

கட்டடக் கலைஞரைப் பார்ப்பதற்கு முன்பே அறிந்துகொள்ள வேண்டிய செய்திகள் சில உண்டு. அவற்றைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. மனையின் எல்லை வேலிக்குப் பொருந்துகிறதா என்பதை அளவையாளர் ஒருவர் அளந்து சொன்னால்தான் தெரியும். வேலியும் எல்லையும் ஒன்றே என்று நம்பி வரைந்த வரைபடங்கள் வீணாவது வழக்கம். மின்நிறுவனமோ கழிவுநீர் வாரியமோ தம் கம்பியும் குழாயும் செல்ல உரிமை வைத்திருக்கும் துண்டு நிலம் மனைக்குள் இருக்கலாம். அதன்மேல் கட்ட இயலாது. கழிவுநீர்க் குழாய் ஓர் அடி நீளத்துக்குக் கால் அங்குலம் என்ற கணக்கில் சரிய வேண்டும். கொல்லை தெருவைவிடத் தாழ்ந்திருந்தால் தண்ணீர் தானாக ஓடாது. பம்பு வைக்க வேண்டியிருக்கும். பழைய வீடுகளின் மின்சாரப் பேனல் பெரும்பாலும் 100 ஆம்பியர் அளவினது. இரண்டு அடுக்களைகளையும் இரண்டு வெப்பமூட்டிகளையும் அது தாங்காமல் போகலாம். தெருவில் நிற்கும் தீயணைப்பு வண்டியின் குழாய் பின்வீட்டின் எல்லாச் சுவர்களையும் எட்டுமா என்று தீயணைப்புத் துறை பார்க்கும். 150 அடி என்பது வழக்கமான அளவு. பெரிய மரங்களை வெட்டப் பல நகரங்களில் தனி அனுமதி வேண்டும்.

இந்த முதற்கட்ட வேலைகளுக்கே கணிசமான பணம் செலவாகிறது. அளவை, மண் சோதனை, வரைபடம், அனுமதிக் கட்டணம் ஆகியவற்றுக்கென்று குறைந்த, நடுத்தர வருவாயினருக்கு மாநில வீட்டுக் கடன் நிறுவனம் 40,000 டாலர் வரை மானியம் அளித்துவந்தது. ஒதுக்கிய நிதி விரைவிலேயே தீர்ந்துவிட்டது. தொடக்கத் திட்டமிடலே ஒரு தடைச்சுவர் என்று அரசு உணர்ந்திருந்ததற்கு அதுவே சான்று.

ஆனால் இந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் வெறும் பொறியியல் செய்தியாகவே பார்க்கப்படுகிறது. கழிவுநீர்க் குழாய்க்கு அருகில் குளியலறை என்று முடிவு செய்யும்போது படுக்கையறை எந்த மூலைக்குப் போகிறது, அதன் சன்னல் எதைப் பார்க்கிறது என்பதும் முடிவாகிவிடுகிறது. பேனலைப் பெரிதாக்கும் செலவைத் தவிர்க்க ஒரே மின்மீட்டரில் இரு வீடுகளையும் ஓட்டலாம் என்று தீர்மானித்தால், பின்வீட்டில் இருப்பவர் குளிர்காலத்தில் வெப்பமூட்டியை எத்தனை மணிநேரம் ஓட்டினார் என்பது ஒவ்வொரு மாதமும் முன்வீட்டில் பேச்சாகும். கட்டணத்துக்கு அஞ்சி 749 சதுர அடியில் நிறுத்திக்கொள்வோர் பலர். அதில் தவறில்லை. ஆனால் இரண்டு படுக்கையறை இருந்தால்தான் வாடகை கூடும் என்று அந்த 749க்குள் இரண்டு அறைகளைத் திணித்துவிட்டு, நான்கு பேர் உட்கார முடியாத கூடத்தை மிச்சம் விடுகிறார்கள். அங்கு இருப்பவரைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள் என்று வரைபடமே முன்கூட்டித் தீர்மானித்துவிடுகிறது.

*

இனி அடுப்புக்கு வருவோம். வளைகுடாப் பகுதித் தமிழர்கள் பின்வீடு கட்ட முனைவதற்கு முதற்காரணம் ஊரிலிருந்து வரும் பெற்றோர்கள். ஒருமுறை வந்தால் பெரும்பாலும் ஆறு மாதம் தங்கலாம். நிரந்தரக் குடியுரிமை பெற்றுவிட்டால் எப்போதைக்குமாகத் தங்கலாம். முன்வீட்டின் விருந்தினர் அறையில் மாதக்கணக்கில் இருப்பது இரு தரப்புக்கும் சிரமம் என்பதை எல்லாரும் அறிவார்கள், யாரும் சொல்வதில்லை. ஆகவே பின்வீடு. அப்போது பெரும்பாலான மகன்களும் மகள்களும் சொல்வது ஒன்றே. "உனக்கு எதுக்கும்மா தனி அடுப்பு? நம்மளோடதானே சாப்பிடப் போறே!"

இது அன்பினால் வரும் சொல்தான். நம் மொழியில் தனி அடுப்பு என்பது கசப்பான சொல். அடுப்பு பிரிந்தது என்றால் குடும்பம் பிரிந்தது என்று பொருள். தனி உலை வைத்தல் என்பது ஒரு குற்றச்சாட்டு. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் குடும்பத்தை அடுப்பால்தான் வரையறுக்கிறது. ஒரே அடுக்களையில் உண்டு வழக்கமாகச் சேர்ந்து வாழ்பவர்கள் ஒரு குடும்பம். கலிஃபோர்னியச் சட்டமும் அடுப்பைத்தான் பிடித்துக்கொள்கிறது. வாழ, உறங்க, உண்ண, சமைக்க, கழிப்பறைத் தேவைகளுக்கு நிரந்தர வசதி உள்ள தனி இருப்பிடமே அதன் கணக்கில் துணைக் குடியிருப்பு. சமைக்க வசதி இல்லாவிட்டால் அது வீடே இல்லை. விருந்தினர் அறை, அலுவலக அறை, கருவிக் கொட்டகை என்ற வரிசையில் போய்விடும்.

இரண்டு சட்டகங்களும் ஒரே உண்மையை இரு பக்கத்திலிருந்து சொல்கின்றன. அடுப்பு யாரிடம் இருக்கிறதோ அவரே வீட்டுக்காரர். எழுபது வயது அம்மா காலை ஐந்தரைக்கு எழுந்து தன் காப்பிக்காகக் கொல்லையைக் கடந்து, மருமகளோ மருமகனோ விழித்துவிடாமல் பின்கதவை மெல்லத் திறந்து, பிறருடைய அடுக்களையில் பிறருடைய பாத்திரத்தில் பாலைக் காய்ச்ச வேண்டும் என்றால், அவர் அந்த வீட்டில் விருந்தாளி. ஆறு மாதமானாலும் ஆறு வருடமானாலும் விருந்தாளிதான். ஐம்பது ஆண்டுகள் ஓர் அடுக்களையை ஆண்ட ஒருவரை நாம் நம் அன்பினாலேயே பதவியிறக்கம் செய்துவிடுகிறோம். சேர்ந்து உண்பது ஒருவர் விரும்பிச் செய்கிற செயலாக இருக்க வேண்டுமானால், தனியே உண்ணவும் அவரால் முடிய வேண்டும். அடுப்பு இருந்தும் அவர் தினமும் முன்வீட்டுக்கு வந்து சாப்பிட்டால் அதன் பெயர் உறவு. வேறு வழியில்லாமல் வந்தால் அதற்கு வேறு பெயர்.

வாடகைக்கு விடுவோரிடம் அடுப்பைக் குறைக்கும் எண்ணம் வேறு வடிவில் வருகிறது. "மணமுள்ள சமையல் வேண்டாம்" என்று ஒப்பந்தத்தில் எழுதுவது, இரண்டு கண் மின்னடுப்போடு நிறுத்திக்கொள்வது, புகைபோக்கி வைக்காமல் விடுவது போன்றவை. சென்னையின் ஒண்டுக்குடித்தனங்களில் என்ன சமைக்கலாம் என்று வீட்டுக்காரர் விதித்த காலத்தை நம்மில் பலர் நேரிலோ கேள்வியாலோ அறிவோம். கடல் கடந்து வந்து வீட்டுக்காரராகும்போது அந்த விதியையும் மூட்டை கட்டிக்கொண்டு வர வேண்டியதில்லை.

*

அடுப்புக்கு அடுத்தது வழி. கலிஃபோர்னியச் சட்டத்தில் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் சிறு விதி ஒன்றுண்டு. தெருவிலிருந்து பின்வீட்டின் வாசல் வரை, வானம் தெரியத் தடையின்றிச் செல்லும் நடைவழியைக் கட்டாயமாகக் கேட்க நகரத்துக்கு உரிமையில்லை. குறுகிய மனைகளில் இந்த நடைவழியைக் கேட்டே பல திட்டங்களை நகரங்கள் முன்பு முடக்கின. அதனால் இந்த விதி தேவைப்பட்டது. விளைவாக இன்று சட்டப்படி எந்தக் குறையும் இல்லாமல், நல்ல வழியே இல்லாத வீடு ஒன்றைக் கட்டிவிட முடியும்.

ஆகவே வழி என்பது முழுக்கவும் கட்டுபவரின் மனச்சாட்சியைச் சார்ந்ததாகிவிட்டது. பின்வீட்டுக்காரர் குப்பைத் தொட்டிகளுக்கும் குளிரூட்டி இயந்திரத்துக்கும் நடுவே ஒருக்களித்து நடந்து வர வேண்டுமா, முன்வீட்டுக் கூடத்தின் கண்ணாடிக் கதவைக் கடந்துதான் தன் வீட்டுக்குப் போக வேண்டுமா, இரவு பத்தரைக்குப் பணி முடித்து வருபவரின் காலடியில் விளக்கு எரியுமா, சக்கர நாற்காலியோ நோயாளியைத் தூக்கும் படுக்கையோ அந்தச் சந்தில் நுழையுமா என்பவை வரைபடத்தில் மெல்லிய கோடுகளாகத்தான் தெரியும். அங்கு வாழ்பவருக்கு அவை அன்றாடம்.

வழியோடு விலாசமும் சேரும். தனி வாசல் எண், தனி அஞ்சல் பெட்டி, தனி அழைப்புமணி ஆகியவற்றுக்கு ஆகும் செலவு மொத்தச் செலவில் தூசு. ஆனால் வங்கிக் கடிதமும் மருந்தும் ஊரிலிருந்து வரும் பொங்கல் வாழ்த்தும் தன் பெயரில் தன் வாசலுக்கு வருகிறவர் தன்னை அந்த ஊரின் குடிமகனாக உணர்வார். வாசல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும். முன்வீட்டின் அடுக்களைச் சன்னலிலிருந்து நேரே தெரியும்படி வாசல் வைத்தால், யார் வருகிறார், எப்போது போகிறார் என்பதெல்லாம் விரும்பியோ விரும்பாமலோ கண்காணிக்கப்படும். வாசலைப் பக்கவாட்டில் திருப்புவதற்குக் காகிதத்தில் ஒரு கோடு போதும். கான்கிரீட் ஊற்றிய பிறகு அது நடவாது.

படியில்லாத நுழைவையும் முப்பத்தாறு அங்குல வாசலையும் இதே பட்டியலில் சேர்க்கிறோம். குளியலறைச் சுவர்களுக்குள், பின்னாளில் கைப்பிடி பொருத்துவதற்குத் தாங்குகட்டை வைப்பதை 2024 ஜூலையிலிருந்து மாநிலக் கட்டட விதி புதிய வீடுகளுக்குக் கட்டாயமாக்கியிருக்கிறது. மூப்பைப் பற்றிச் சட்டம் தானாகவே கேட்கும் கேள்வி ஒன்றாவது இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ளலாம்.

*

குடியிருப்பவரை மட்டுமே முன்னிறுத்தினால் ஒரு வீடு என்னவாகும் என்பதற்கு எதிர்த்திசையிலிருந்து ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத் திட்ட விதிகளில் நீண்டகாலமாக 'டிபென்டன்ட் பர்சன்ஸ் யூனிட்' என்ற வகை இருந்தது. முன்வீட்டில் இருப்பவரைச் சார்ந்திருக்கும் ஒருவர் குடியிருப்பதற்காக அதே மனையில் வைக்கப்படும், பெயர்த்தெடுக்கக்கூடிய கட்டடம் என்பது அதன் வரையறை. வரையறையை மீண்டும் ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம். குடியிருப்பவர் சார்ந்திருக்க வேண்டும், கட்டடம் பெயர்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். சார்ந்திருப்பவர் இல்லாமல் போனால் கட்டடத்துக்கும் அங்கு நியாயமில்லை. பாட்டிக்கென்று ஒரு வீடு கட்டி, பாட்டியின் உயிரோடு அதைக் கட்டிப்போட்ட விதி அது.

2023 டிசம்பரில் விக்டோரியா இவ்வகையைக் கைவிட்டு, 60 சதுர மீட்டர் வரையிலான 'சிறிய இரண்டாம் வீடு' என்ற வகையைக் கொண்டுவந்தது. அதில் உறவினரும் இருக்கலாம், வாடகைக்கு வருபவரும் இருக்கலாம். சார்ந்திருப்பவர் என்ற சொல்லே மறைந்துவிட்டது. நல்ல மாற்றம் என்று நினைக்கிறோம். ஒருவரை மனதில் வைத்துத் திட்டமிடுவது வேறு, அவருடைய இயலாமையை மனதில் வைத்துத் திட்டமிடுவது வேறு. அப்பாவுக்கு என்று திட்டமிடும்போதும், நமக்கு எந்தக் கடனும் படாத ஒரு முழு மனிதர் அங்கு இருக்கப் போகிறார் என்று எண்ணியே திட்டமிட வேண்டும். அந்நியருக்குப் பொருந்தும் வீடு அப்பாவுக்கும் பொருந்தும். அப்பாவுக்கென்று குறைத்துக் கட்டிய வீடு பின்னாளில் அந்நியருக்கும் பொருந்தாது, அப்பாவுக்கும் மனம் ஒப்பாது.

*

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகளை அறிவோம். குடும்பத்துக்குள் இவ்வளவு கணக்கு எதற்கு என்பது முதலாவது. கணக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை பெரும்பாலும் முன்வீட்டில் இருப்பவரிடமே இருக்கிறது என்பதே நம் பதில். வண்டி ஓட்டத் தெரியாமல், அருகில் கடைத்தெரு இல்லாமல், பிள்ளைகள் வேலைக்குப் போன பின் பகல் முழுதும் ஒரு கொல்லையில் இருக்கப் போகிறவரை ஒருமுறை வரைபடத்தின்முன் உட்காரவைத்துக் கேட்டால் வேறு பதில் வரக்கூடும். பேருந்து நிறுத்தம் அரை மைலுக்குள் இருப்பது, சட்டத்தில் கார் நிறுத்தத்தைத் தவிர்க்க ஒரு காரணம். அவருக்கோ கோயிலுக்கும் நூலகத்துக்கும் தானாகப் போய்வர ஒரு வழி.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. வளைகுடாப் பகுதியில் பின்வீட்டுக்கு மூன்று, நான்கு லட்சம் டாலர் ஆகிறது என்பது சாதாரணமாகக் காதில் விழும் செய்தி. மனையும் கடன் வாங்கும் தகுதியும் உள்ளவர்களே இதில் இறங்க முடியும். ஏற்கெனவே உள்ளவர்களுக்கு மேலும் சேர்க்கும் ஏற்பாட்டை வீட்டு நீதி என்று கொண்டாடலாமா என்று கேட்கிறார்கள். கொண்டாட வேண்டியதில்லை. பொது வீட்டுவசதியின் இடத்தைப் பின்வீடுகள் நிரப்பா. வாடகை உயர்வுக்கும் காரணமற்ற வெளியேற்றத்துக்கும் வரம்பு வைத்த 2019ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம், கட்டி முடித்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகாத வீடுகளுக்குப் பொருந்தாது. அதாவது புதிய பின்வீட்டில் குடியேறுபவருக்கு மாநிலச் சட்டத்தின் அந்தப் பாதுகாப்பு இல்லை. அவரைக் காப்பது உரிமையாளரின் நல்லெண்ணமும் வீட்டின் அமைப்பும்தான். நல்லெண்ணம் ஒரு சண்டையில் போய்விடும். தனி வாசலும் தனி மீட்டரும் தனி அடுப்பும் சண்டைக்குப் பிறகும் இருக்கும். ஆகவே இந்த மறுப்பு எங்கள் வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது.

மூன்றாவது, தோட்டம் போய்விடுமே என்பது. எலுமிச்சையும் மாதுளையும் கறிவேப்பிலையும் வைத்து வளர்த்தவர்களின் கவலை இது, நியாயமானதும்கூட. மிஞ்சும் நிலம் யாருடையது என்பதையும் அப்போதே பேசிவிடுவது நல்லது. பின்வீட்டுக்காரருக்கு நான்கு தொட்டிகள் வைக்க இடமுண்டா, துணி உலர்த்தக் கொடி கட்டலாமா, மாலையில் நாற்காலி போட்டு உட்காரலாமா? கொல்லை முழுவதும் முன்வீட்டின் ஆட்சியில் இருக்க, பின்வீடு அதில் ஒரு தீவாக நிற்பது நல்ல அமைப்பாகாது.

*

முடிவாக ஒரு செயல்முறையை முன்வைக்கிறோம். எழுத்தில் ஈடுபாடுள்ளவர்களுக்கு இது கடினமானதன்று. அளவையாளரையும் கட்டடக் கலைஞரையும் அழைப்பதற்கு முன் மூன்று பக்கங்கள் எழுத வேண்டும். பின்வீட்டில் வாழும் ஒருவரின் ஒரு நாள், விடிவது முதல் விளக்கணைப்பது வரை. முதல் பக்கத்தில் அங்கு இருப்பவர் நம் தாயோ தந்தையோ. இரண்டாம் பக்கத்தில் மருத்துவமனையில் இரவுப்பணி செய்துவிட்டுக் காலையில் வந்து பகலில் உறங்கும், நமக்கு முன்பின் அறிமுகமில்லாத ஒரு வாடகைக்காரர். மூன்றாம் பக்கத்தில் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு முன்வீட்டைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் பின்வீட்டுக்கு இடம்பெயர்ந்துவிட்ட நாமே. அவர் எங்கே காப்பி போடுகிறார், சன்னலைத் திறந்தால் எதைப் பார்க்கிறார், நண்பர் வந்தால் எங்கே உட்காரவைக்கிறார், யாருடைய கண்ணிலும் படாமல் வெளியே போக முடிகிறதா, கோபம் வந்தால் எந்தக் கதவைச் சாத்திக்கொள்கிறார் என்றெல்லாம் எழுதிப் பார்க்கலாம்.

எழுதும்போதே வரைபடத்தின் குறைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்துவிடும். மூன்று பக்கங்களிலும் வரும் மூன்று மனிதர்களும் தலைநிமிர்ந்து நடமாட முடிகிற ஒரு வீட்டை அந்தக் கொல்லையில் கட்ட முடியுமா என்பதைப் பிறகு பொறியாளர்கள் சொல்லட்டும். 60 நாட்களில் அனுமதி கிடைத்துவிடும். அதற்கு முன் இந்த மூன்று பக்கங்களுக்காக இரண்டு வாரம் செலவழித்தால் யாருக்கும் நட்டமில்லை.